பிடியரிசிக் கலயம்

ஓர் உப்பள ஊரில் பிலோமினா என்றொருத்தி இருந்தாள். அவள் வீட்டில் ஒரு மண்கலயம் இருந்தது. வருஷம் முழுக்கப் பரணில் தூங்கும். தவக்காலம் பிறந்தால்தான் அதற்கு விடியும். திருநீற்றுப் புதனன்று அதைக் கழுவித் துடைத்து அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைப்பாள். சமைக்க அளந்த அரிசியில் தினம் ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவர வேண்டும். பெரிய வெள்ளியன்று அது கோயிலுக்குப் போகும், இல்லாதவர்களுக்குக் கஞ்சியாகும்.

கலயத்துக்கு ஒரே ஆசைதான், விளிம்புவரை நிறைய வேண்டும். மூன்றாம் வாரத்திலேயே பாதிக்குமேல் நிறைந்துவிட்டதில் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, எப்படி இருக்கேன்னு?" என்றது, பக்கத்தில் இருந்த, அரிசி அளக்கும் உழக்கிடம்.

உழக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். "நெறஞ்சிருக்க, சரி. யார் வயித்துல இருந்து வந்ததுன்னு கேட்டியா? அவ என்னைய முழுசா நெறச்சு அப்படியே உலையில கொட்டுதா. ஒனக்குன்னு டின்னுல இருந்து தனியா ஒரு பிடி. இந்த வீட்டுல ஒரு வாய் சோறு குறையல."

கலயத்துக்குச் சுருக்கென்றது. பிலோமினா நல்லவள்தான், பாவம். பிடி போடும்போதெல்லாம் சிலுவை அடையாளம் போடுவாள். பசித்திருக்க மட்டும் அவளுக்குப் பயம்.

ஐந்தாம் வாரம் பருவம் தப்பி மழை கொட்டியது. உப்பளத்தில் வேலை நின்றது. டின்னின் அடி தெரிந்தது.

"கலயத்துல கெடக்கத எடுத்து உலையில போடு," என்றான் அவள் புருஷன் சவரிமுத்து. "பெரிய வெள்ளிக்குள்ள திருப்பிப் போட்டுட்டாப் போச்சு."

பிலோமினாவின் கை உள்ளே வந்து அரிசியை அள்ளியது. போச்சு, இனி நிறைந்தாற்போலத்தான் என்று நினைத்தது கலயம்.

கை அப்படியே நின்றது. பிறகு அரிசியை விட்டுவிட்டு வெறுமனே வெளியே போனது. அவள் டின்னைக் கவிழ்த்துத் தட்டி உழக்கை நிறைத்தாள். அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாள்.

"என்னட்டி இது?" என்றான் சவரிமுத்து.

"இதுவரைக்கும் போட்டதுல ஒரு பிடிகூட என் வயித்துல இருந்து போடலங்க. இன்னைக்காவது போடுதேன். நீங்க வயிறாரச் சாப்பிடுங்க, எனக்குக் குறைச்சலாப் போதும்."

அந்த ஒரு பிடி விழுந்த பிறகுதான் கனம் என்றால் என்னவென்று கலயத்துக்குத் தெரிந்தது. அதற்கும் உழக்குக்கும் அவள்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது.

பெரிய வெள்ளியன்று, இன்னும் நாலு விரல் குறையாகவே, கலயம் கோயிலுக்குப் போனது. கஞ்சி அண்டாவின் மேல் தலைகீழாகக் கவிழ்ந்தது. ஓர் அரிசி மிச்சமில்லை.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் கோயில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. உழக்கு, வீடு திரும்பியிருந்த கலயத்துக்குள் எட்டிப் பார்த்தது.

"நெறையணும் நெறையணும்னு கெடந்து அடிச்சுக்கிட்ட. கடைசியில காலியால்லா இருக்க. திருநாளும் அதுவுமா, பாக்க எனக்கே சங்கடமா இருக்கு."

"ஆண்டவரோட கல்லறையும் காலியாத்தான் கெடக்கு," என்றது கலயம். "அதுக்குத்தான இந்த மணியே அடிக்காவ."