கெளுத்தி தந்த நற்சான்று

மத்தகன் என்ற யானை அரசாண்ட காட்டுப் பட்டணத்தில், வள்ளை என்ற நீர்நாய்தான் தண்ணீர்க் கண்காணி. மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒரு குளத்தில் வந்து நிறையும். குளத்து மதகைத் திறந்தால், தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடிப் பட்டணத்துக் கல்தொட்டிகளை நிரப்பும். முயல், மான், கரடி, குரங்கு எல்லாருக்கும் அதுதான் குடிதண்ணீர்.

வள்ளையின் வேலை சுலபமான வேலை. ஆனால் தவறக்கூடாத வேலை. மதகை ஒட்டி ஒரு சின்னக் குழி இருந்தது. குளத்துத் தண்ணீர் அதற்குள் நுழைந்துதான் மதகுக்கு வரும். குழிக்குள் பத்து அயிரை மீன்கள் இருந்தன. அயிரைக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். கெட்ட தண்ணீரில் ஒரு நாள்கூடத் தாங்காது. விடிந்ததும் வள்ளை குழியை எட்டிப் பார்க்கும். மீன்கள் சுறுசுறுப்பாக இருந்தால் மதகுக் கம்பத்தில் வெள்ளைப் பூங்கொத்தைக் கட்டி மதகைத் திறந்துவிடும். மீன்கள் சோர்ந்திருந்தால் சிவப்புப் பூ கட்ட வேண்டும். மதகு மூடியே இருக்கும். ஆறு வருஷமாக வள்ளை வெள்ளைப் பூவைத் தவிர வேறு பூ கட்டியதில்லை. அதனால் சிவப்புப் பூவுக்கு என்ன அர்த்தம் என்பதே பட்டணத்தில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் அயிரைகள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு மீன்கள் மல்லாந்து கிடந்தன.

வள்ளை குனிந்து தண்ணீரை முகர்ந்தது. அழுகல் வாடை அடித்தது. ஓடை வழியே மேலே நீந்திப் போய்ப் பார்த்தது. அங்கே கருவேலன் என்ற காட்டுப்பன்றி புதிதாக ஒரு குட்டை வெட்டியிருந்தது. கற்றாழை மடல்களைக் குட்டையில் போட்டு அழுகவிட்டு நார் எடுப்பது அதன் தொழில். நார் அரண்மனைக்குப் போகிறது, அரசர் படுக்கும் மெத்தைக்கு. குட்டை நிரம்பி, கறுப்பாக ஒரு தண்ணீர் ஓடையில் வழிந்துகொண்டிருந்தது.

வள்ளை திரும்பி வந்து சிவப்புப் பூவைக் கட்டியது. மதகைத் திறக்கவில்லை.

உச்சிப்பொழுதுக்குள் பாதிப் பட்டணம் வள்ளையின் வளைக்கு முன்னால் கூடிவிட்டது. தண்ணீருக்கு என்ன கேடு என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் ஏன் வரவில்லை என்றுதான் கேட்டார்கள். சத்தம் அரண்மனை வரைக்கும் போனது. அமைச்சரிடமிருந்து வள்ளைக்கு ஆள் வந்தது.

அமைச்சர் ஒரு புனுகுப்பூனை. பெயரும் புனுகன்தான். அதன் பக்கத்தில் போனாலே மணக்கும். அந்த மணத்தில் வேறு எந்த வாடையும் எடுபடாது. வள்ளை ஓடையிலிருந்து ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டுகொண்டு போயிருந்தது. அமைச்சர் அதை மூக்கருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லையே என்றது. அது பொய்யும் இல்லை.

கருவேலனின் குட்டையைப் பற்றி வள்ளை சொன்னது. அதைப் பற்றிப் பேச இது நேரமில்லை என்றது அமைச்சர். அரசருக்கு முதுகுவலி, மெத்தை பாதியில் நிற்கிறது, இந்தச் சமயத்தில் நார் நின்றால் யார் பதில் சொல்வது? பிறகு குரலைத் தணித்து, அன்பாகவே பேசியது. அயிரை ரொம்பப் பூஞ்சையான மீன். வெயில் கொஞ்சம் ஏறினாலே துவண்டுவிடும். அதன் பேச்சைக் கேட்டு ஒரு பட்டணத்தையே தாகத்தில் போடலாமா? குழியில் வேறு மீனை விடலாம் என்றது.

“வேறு என்ன மீன்?” என்று வள்ளை கேட்டது.

“கெளுத்தி.”

“கெளுத்தி சேற்றிலே பிறந்து சேற்றிலே வளர்கிற மீன், அமைச்சரே. அதற்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான்.”

“அப்படியானால் இன்னும் நல்லது. சும்மா சும்மா ஊரைப் பயமுறுத்தாது” என்றது புனுகன்.

மதகை ஒட்டிய வளை உத்தியோகத்தோடு வந்த வளை. அதற்குள் கண்கூடச் சரியாகத் திறக்காத மூன்று குட்டிகள் இருந்தன. வேலை போனால் வளையும் போகும். மாற்றச் சொன்னது மீனைத்தானே, பூவை இல்லையே என்று வள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அப்படிச் சொல்லிக்கொண்டபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மறுநாள் ஒரு கொழுத்த கெளுத்தி குழிக்கு வந்து சேர்ந்தது. வள்ளை அதனிடம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டது. பரவாயில்லை, ஆனால் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது என்றது கெளுத்தி. வள்ளை வெள்ளைப் பூவைக் கட்டி மதகைத் திறந்தது. பட்டணம் அமைச்சரை வாழ்த்தியது.

பத்து நாள் கழித்து அதே கேள்விக்கு, “இப்போதுதான் சொந்த வீடு மாதிரி இருக்கிறது” என்று பதில் வந்தது. தண்ணீரின் தரம் நாளுக்கு நாள் உயர்ந்துவருவதாக அமைச்சர் பட்டணமெங்கும் அறிவிக்கச் செய்தது.

மலையுச்சியில் மேல்சுனை என்று ஒரு சுனை உண்டு. அரசருக்கும் அரசு உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கும் மட்டும் அங்கே தண்ணீர் எடுக்க அனுமதி. அத்தனை வருஷமும் வள்ளை அந்தச் சுனைப் பக்கம் போனதே கிடையாது. எல்லாரும் குடிப்பதைத்தான் அதுவும் குடித்தது. இப்போது ஒவ்வொரு நாளும் ஒரு குடுக்கை தண்ணீர் கொண்டுவரத் தொடங்கியது. குட்டிகள் சின்னவை, வயிற்றுக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டது.

அக்கம்பக்கம் என்றால் முக்கியமாக இலந்தை என்ற பெண் மான். இரண்டு வீடு தள்ளி அதன் புதர். அதற்கு ஒரே ஒரு குட்டி. ஒரு நாள் இலந்தை மதகருகில் வந்து, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டது.

“வள்ளை, தொட்டித் தண்ணீரில் ஒரு மாதிரி வாடை வருகிறது. குட்டிக்குக் கொடுக்கலாமா?”

வள்ளை அதன் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்தது.

“வெள்ளைப் பூதானே கட்டியிருக்கிறது” என்றது.

இலந்தைக்கு அது போதுமாக இருந்தது. ஆறு வருஷமாக அந்தப் பூவையும் வள்ளையையும் நம்பித்தான் அது தண்ணீர் குடித்துவந்தது.

அதற்கப்புறம் பட்டணத்தில் வயிற்றுப்போக்கு பரவியது. முதலில் முயல் வளைகளில். பிறகு குரங்குகள் இருந்த ஆலமரத்தில். வைத்தியர் கரடிக்கு உட்கார நேரமில்லை. இந்த வருஷம் நாவல்பழம் அதிகமாகக் காய்த்துவிட்டது, அளவில்லாமல் தின்றுவிட்டார்கள் என்று அமைச்சர் விளக்கம் சொன்னது. நாவல்பழம் வயிற்றுப்போக்கைக் கட்டுமே தவிரக் கிளப்பாது என்று கரடி முணுமுணுத்தது. அது முணுமுணுப்போடு நின்றுவிட்டது. கரடியும் மேல்சுனைத் தண்ணீர் குடிக்கிற உத்தியோகஸ்தர்தான்.

ஒரே வாரத்தில் எட்டு முயல் குட்டிகளும் இரண்டு குரங்குக் குட்டிகளும் செத்துப்போயின.

அந்த வாரக் கடைசியில் இலந்தையின் குட்டி எழுந்து நிற்கவில்லை. வள்ளை பார்க்கப் போனது. குட்டியின் விலா எலும்புகள் எண்ணிவிடலாம் போல் தெரிந்தன. நாக்கு வறண்டு கிடந்தது. இலந்தை தொட்டியிலிருந்து வாயில் மொண்டுவந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டுக்கொண்டிருந்தது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதாம், நிறையக் கொடுக்கச் சொல்லி வைத்தியர் சொன்னாராம்.

“அதைக் கொடுக்காதே” என்றது வள்ளை. இலந்தை நிமிர்ந்து பார்த்தது. வள்ளை வீட்டுக்கு ஓடி, தன் குட்டிகளுக்கு வைத்திருந்த மேல்சுனைக் குடுக்கையை எடுத்துவந்து அதன் முன்னால் வைத்தது. வைத்துவிட்டு நேரே மதகுக்குப் போனது. வெள்ளைப் பூவை அவிழ்த்துச் சிவப்புப் பூவைக் கட்டியது. மதகை இறக்கியது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

கூட்டம் சேர நேரமாகவில்லை. நோயாளிகள் இருக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்துகிறாயே, உனக்கு நெஞ்சு இருக்கிறதா என்று குரங்குகள் கத்தின. ஒரு கல் வந்து வள்ளையின் தோளில் பட்டது. அமைச்சர் புனுகனும் வந்துவிட்டது. கெளுத்தி திடகாத்திரமாக இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று கூட்டத்தைக் குழிக்குக் கூப்பிட்டுக் காட்டியது. கெளுத்தி மீசையை ஆட்டியது. கூட்டத்துக்கு ஒரே ஆத்திரம். கண்காணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று பலரும் சொன்னார்கள்.

அப்போது இலந்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. அதன் வாயில் காலிக் குடுக்கை இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வள்ளையிடம் கேட்டது.

“வெள்ளைப் பூ கட்டின நாளெல்லாம் உன் வீட்டில் எந்தத் தண்ணீர்?”

வள்ளை நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். அமைச்சரும் அதைத்தான் எதிர்பார்த்தது.

“மேல்சுனைத் தண்ணீர்” என்றது வள்ளை.

குரங்கு ஒன்று மெதுவாக அமைச்சர் பக்கம் திரும்பி, உங்கள் வீட்டில் என்று கேட்டது. அமைச்சர் அது அரசாங்க இரகசியம் என்றது. அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

யாரும் யாரையும் அடிக்கவில்லை. இலந்தை முதலில் மலையேறத் தொடங்கியது. அதன் பின்னால் முயல்கள், குரங்குகள், நடக்க முடியாத குட்டிகளை முதுகில் சுமந்த தாய்கள் என்று பட்டணமே மலையேறியது. மேல்சுனையில் இரண்டு காட்டெருமைகள் காவல் நின்றன. அவற்றின் வீட்டிலும் நோயாளிகள் இருந்தார்கள். கண்காணி மாதிரி மேல் உத்தியோகஸ்தர்கள் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். காவலாளிக்கு மேல்சுனைத் தண்ணீர் உண்டு, காவலாளியின் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கிடையாது என்பது சட்டம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு விலகி நின்றன.

சுனை சின்னது. பட்டணம் பெரியது. மாலைக்குள் சுனையின் அடிமண் தெரிந்தது.

அரசர் மத்தகன் வழக்கம்போல் மாலையில் தாகத்துக்குச் சுனைக்கு வந்தது. துதிக்கையை உள்ளே விட்டது, சேறுதான் வந்தது. என்ன செய்வது என்று கூட வந்த அமைச்சரைப் பார்த்தது. நம் பட்டணத்துத் தொட்டியில் அருமையான தண்ணீர் இருக்கிறதாமே, நீதானே தினமும் அறிவிக்கிறாய் என்றது அரசர். வேண்டாம் என்று சொல்லவும் அமைச்சரால் முடியவில்லை. அத்தனை நாள் அறிவித்தது தடுத்தது.

யானை மலையிறங்கி, தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை ஓர் இழுப்பு இழுத்து வாயில் விட்டது. உடனே கக்கியது.

“இது என்ன?” என்று கேட்டது.

“குடிதண்ணீர், மகாராஜா” என்றது புனுகன்.

“இதை யார் குடிக்கிறார்கள்?”

தொட்டியருகில் வள்ளை நின்றுகொண்டிருந்தது. அதுதான் பதில் சொன்னது. ஓடையில் இருக்கும் ஊறல் குட்டையையும் சொன்னது, செத்த குட்டிகளையும் சொன்னது, தான் கட்டிய வெள்ளைப் பூவையும் சொன்னது. இதையெல்லாம் என்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று அரசர் கேட்டது. இன்று மாலைதான் சொல்வதாக இருந்தேன் என்றது அமைச்சர்.

பொழுது விடிவதற்குள் கருவேலனின் குட்டையை நான்கு யானைகள் மண் தள்ளி மூடிவிட்டன. பத்துக் குட்டிகளின் சாவு செய்யாததை, அரசரின் ஒரு வாய்த் தண்ணீர் செய்துவிட்டது.

பிறகு நடந்தவையும் நடக்க வேண்டியபடியே நடந்தன. தண்ணீர்க் கேட்டை விரைந்து நீக்கியதற்காகப் புனுகனுக்கு மாலை போட்டார்கள். கருவேலனுக்குப் பட்டணத்துக்குக் கீழே ஓடைக்கரையில் வேறு இடம் கிடைத்தது. அதற்கும் கீழே இருக்கும் ஊர் வேறொரு அரசருடையது என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. கெளுத்தியைக் கௌரவமாக ஒரு சேற்றுக் குட்டையில் கொண்டுபோய் விட்டார்கள். குழிக்குப் புதிய அயிரைகள் வந்தன. உண்மையைச் சொன்னதால் வள்ளையின் வேலையும் வளையும் அதற்கே நிலைத்தன.

இலந்தையின் குட்டி பிழைத்துக்கொண்டது. மெலிந்திருந்தாலும் துள்ளத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு காலையிலும் இலந்தை அதைக் கூட்டிக்கொண்டு மதகருகே வரும். கம்பத்தில் என்ன பூ கட்டியிருக்கிறது என்று அது நிமிர்ந்து பார்ப்பதில்லை. வள்ளையும் அதன் மூன்று குட்டிகளும் வாய்க்காலில் இறங்கி, வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கரையேறும் வரை பார்த்துக்கொண்டே நிற்கும். பிறகுதான் தன் குட்டியைத் தண்ணீரில் வாய் வைக்க விடும். வள்ளை அதை ஒரு நாளும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. இலந்தை வருவதற்கு நேரமானால், தாகத்தைப் பொறுத்துக்கொண்டு அது வரும்வரை காத்திருக்கும்.

ஊருக்குத் தண்ணீர் நல்லது என்று சான்று தருகிறவர்கள், அந்தத் தண்ணீரை முதலில் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டே சான்று தர வேண்டும்.