கையுறைக்குப் பிறகு

பெனிட்டாவிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் சுடலைக்கண்ணுதான் வயதில் மூத்தவர். அவருக்கு நாற்பத்தொன்று. அவளுக்கு இருபத்தெட்டு. பன்னிரண்டு வருடம் மருந்துக்கடையில் பில் போட்டவர், மாலை வகுப்பில் படித்துவிட்டு, பாளையங்கோட்டையில் அவள் நடத்திய சிறு நிறுவனத்துக்குச் செயலி எழுத வந்திருந்தார். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு மருத்துவமனையின் செயலிக்குள் வீடியோ ஓடச் செய்வது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்கள் வீடு திரும்பிய பிறகு, அந்தக் குழாயை வீட்டில் உள்ளவர்கள் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அதை ஒரு நர்ஸ் செய்து காட்டுகிறாள். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

சுடலைக்கண்ணு அதைச் செயலியில் சேர்த்தார். ஓடியது.

மறுநாள் காலை ராஜகனி என்ற அம்மாள் திசையன்விளையிலிருந்து கூப்பிட்டார். அவருடைய கணவருக்குத்தான் தொண்டையில் குழாய்.

"தம்பி, வீடியோ பாதியில நின்னு போவுது."

சுடலைக்கண்ணு வீடியோவின் அளவைக் குறைத்தார்.

"இன்னைக்கும் நின்னுட்டு, தம்பி."

நெட் இல்லாவிட்டாலும் ஓடும்படி, வீடியோ முன்கூட்டியே போனில் இறங்கிவிடுமாறு மாற்றினார்.

"கிளவுஸ் மாட்டுற இடம் வரைக்கும் வருது. அதோட சரி."

ஏற்கெனவே எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு விதத்தில் முதலிலிருந்து எழுதினார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மேசையில் இருந்த சோதனை போனில் வீடியோவை முழுதாக ஓட விட்டுப் பார்த்தார். ஒருமுறைகூட நிற்கவில்லை.

பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்கு மறுபடி ராஜகனி.

"அம்மா, இங்க நல்லா ஓடுது."

"அங்க ஓடி எனக்கு என்ன தம்பி ஆவப்போவுது?"

"நின்னதும் போனைத் தொட்டுப் பாருங்களேன்."

"எதை வச்சுத் தொட? கிளவுஸ் போட்ட பொறவு எதையும் தொடக் கூடாதுன்னு உங்க வீடியோவுலதான சொல்லுது. தொட்டா மறுபடி கை கழுவணும், மறுபடி புதுசா மாட்டணும். மாட்டி முடிக்கும்போது மறுபடி நிக்கும். இன்னைக்கு இது மூணாவது ஜோடி."

"வேற யாராவது போனைப் பிடிச்சிக்கிட்டா..."

"வீட்ல நானும் அவுகளும்தான். அவுக படுத்துக் கிடக்காக. சளி கட்டி கொறகொறன்னு இழுக்குது. பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூப்பிட்டு இன்னொரு தடவ பாக்கேன். வைக்கட்டா?"

ராஜகனி வைத்தார். சுடலைக்கண்ணு போனை மேசையில் கவிழ்த்துப் போட்டார்.

"டீச்சர், இனி என்னால ஆகாது. பதினோரு நாள். மூணு தடவை மாத்தி எழுதியாச்சு. அந்தம்மாவுக்கு போன் பாக்கத் தெரியல, அவ்வளவுதான்."

பெனிட்டா தன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவங்களுக்குத் தெரியலையா?"

"நீங்களே பாருங்க." அவர் சோதனை போனில் வீடியோவைத் தட்டினார். நர்ஸ் வணக்கம் சொன்னாள். "இந்த வீடியோவை இருநூறு தடவை பார்த்திருப்பேன். கனவுல அந்த நர்ஸ் வந்து வணக்கம் சொல்லுது. என் வீட்டுக்காரி என்னன்னு கேக்கா. இங்க ஓடுறது அங்க ஏன் ஓடல? இதுக்கு மட்டும் நீங்க ஒரு பதில் சொல்லிருங்க. நான் வேற எதுவும் கேக்கல."

பெனிட்டா எழுந்தாள். அவருடைய மேசைக்குக் கீழே குனிந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

"இது என்ன, அண்ணே?"

"ஆஸ்பத்திரியில குடுத்தது. வீடியோகூட வந்துச்சு."

"ஒட்டின டேப்பு அப்படியே இருக்கு."

"அதுல நமக்கு என்ன வேலை, டீச்சர்? நம்ம வேலை ஆப்தானே."

அவள் டேப்பைக் கிழித்தாள். உள்ளே ரப்பரில் செய்த ஒரு கழுத்து, தோள் வரைக்கும். தொண்டைத் துளையில் குழாய் செருகியிருந்தது. பக்கத்தில் கையுறைகள், ஒரு பிரஷ், சின்னக் கிண்ணம்.

அதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய், டீ போடும் இடத்தில் இருந்த கை கழுவும் தொட்டியின் அருகே வைத்தாள். திரும்பி வந்து சோதனை போனிலிருந்து சார்ஜர் ஒயரை உருவினாள். போனைக் கொண்டுபோய்ச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்தினாள். தன் மடிக்கணினியையும் எடுத்து வந்து டப்பாவுக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

"வாங்க. அது சொல்றபடி நீங்க செய்யுங்க."

"நானா?"

"வேற யாரு? போனைத் தொடக் கூடாது."

"டீச்சர், அந்தம்மா அங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க என்னை பொம்மைக்குச் சளி எடுக்கச் சொல்றீங்க."

"சீக்கிரம் எடுங்க."

சுடலைக்கண்ணு பெருமூச்சு விட்டார். சட்டைக் கையை மடித்தார். போனில் வீடியோவை ஓட விடும் முக்கோணத்தைத் தட்டினார். நர்ஸ் வணக்கம் சொன்னாள். சோப்புப் போட்டு விரலிடுக்குகளைத் தேய்க்கச் சொன்னாள். அவர் தேய்த்தார். நகங்களைத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தார். கையைத் துடைத்துவிட்டு இடது கையுறையை மாட்டினார். ஈரம் சரியாகப் போகவில்லை. ரப்பர் பாதி விரலில் சிக்கிக்கொண்டது.

"இவ்வளவு சின்னதா செய்வானுங்களா?" என்று முணுமுணுத்தார்.

வலது கையுறைக்குள் விரல்களை விட்டுக்கொண்டிருந்தபோது திரை மங்கியது. பிறகு அணைந்தது. நர்ஸின் குரலும் நின்றது.

சுடலைக்கண்ணு இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கியபடி நின்றார். விரல் போனை நோக்கிப் போனது.

"தொடாதீங்க," என்றாள் பெனிட்டா.

விரல் நின்றது.

அவர் தன் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த சார்ஜர் ஒயரைப் பார்த்தார். ஒயர் செருகியிருக்கும்வரை சோதனை போனின் திரை அணையாது. அப்படி அமைத்து வைத்தவர் அவரேதான். வேலைக்கு நடுவே அணைந்து அணைந்து எரிச்சலைக் கிளப்புகிறது என்று, சேர்ந்த முதல் வாரமே வைத்தார்.

"யாரும் தொடலன்னா ஒரு நிமிஷத்துல போன் தூங்கிருது," என்றார் மெதுவாக. "அந்தம்மா போனும் அப்படித்தான். ஒரே ஒரு வரி, டீச்சர். வீடியோ ஓடுறப்ப திரை அணையக் கூடாதுன்னு ஒரு வரி. அதைத்தான் நான் எழுதல."

"சரி."

"அரை மணி நேரத்துல எழுதி முடிச்சுருவேன். ஆஸ்பத்திரிக்காரங்க பார்த்துச் சரின்னாங்கன்னா சாயங்காலத்துக்குள்ள அவங்க போனுக்குப் போயிரும்." அவர் வலது கையுறையைக் கழற்றப் போனார்.

"சாயங்காலம் வரைக்கும் அந்தம்மா வீட்டுக்காரர் எப்படி மூச்சு விடுவார், அண்ணே?"

சுடலைக்கண்ணுவின் போன் மேசையில் அடித்தது. பெனிட்டா போய் எடுத்து வந்தாள். ஒலிபெருக்கியைப் போட்டு, ரப்பர் கழுத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"தம்பி, கிளவுஸ் போட்டாச்சு," என்றார் ராஜகனி. "மறுபடியும் நின்னுட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ள இப்பத்தான் வந்துச்சு, அதுதான் நம்பர் போட்டுக் குடுத்துச்சு. போன என் காதுல வச்சுப் பிடிச்சிட்டு நிக்கா. இனி நான் வீடியோவப் பாக்கப்போறதில்ல. அடுத்து என்ன செய்யணும்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க. நீங்கதான் தினமும் முழுசாப் பாக்கேன்னு சொல்லுதீயளே."

சுடலைக்கண்ணு ரப்பர் கழுத்தைப் பார்த்தார். குழாய்க்குள் இன்னொரு குழாய் இருப்பதுபோல் தெரிந்தது. அதை இழுக்க வேண்டுமா, திருக வேண்டுமா? எந்தப் பக்கம்? முதல் வாரத்தில் ஒரு நிமிடம் நாற்பதாவது விநாடியில் படம் லேசாகத் துள்ளியது. அதை அவர் சரிசெய்திருந்தார். இரண்டு நிமிடம் ஐந்தாவது விநாடியில் வெளிச்சம் மாறும். மூன்றே கால் நிமிடத்தில் ஒலி கொஞ்சம் குறையும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த விநாடிகளில் நர்ஸின் கைகள் என்ன செய்தன என்று யோசித்தார். ஒன்றும் வரவில்லை.

"தம்பி, இருக்கீயளா?"

மருந்துக்கடையில் இருந்தபோது, தெரியாததைத் தெரிந்த மாதிரி யாருக்கும் சொன்னதில்லை அவர்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து கொறகொறவென்று ஒரு மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது.

பெனிட்டா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அதில் அதே வீடியோ திறந்திருந்தது; நர்ஸ் கையுறையை மாட்டி முடித்து, குழாயை நோக்கிக் கையை நீட்டும் இடத்தில் படம் நின்றிருந்தது. அவள் அதை ஓட விட்டாள்.

"அம்மாவுக்குச் சொல்லிக்கிட்டே நீங்களும் செய்யுங்க," என்றாள். "இப்பப் பாருங்க, அண்ணே."