விருந்தினர் அறைக் கணப்பு

கோத்தகிரிக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் அப்பால், ஒரு சின்ன மடம். அதன் குரு வேலாத்தாளுக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராய் வந்து சேர்ந்த நாச்சிமுத்துவுக்கு அறுபத்தைந்து. ஞானத்துக்கு ஏது சீனியாரிட்டி! அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

நாச்சிமுத்து ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டிலும் அதே தொண்டைதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்ல வருகிறவர்கள் ஊரில் அவரைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். மனைவி ரங்கநாயகி போன பிறகு மடத்துக்கு வந்தார். வந்ததிலிருந்து குரல் எழும்பியதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். தவம் என்றால் அதுதான் என்பது அவர் எண்ணம்.

ஒரு நாள் காலையில் குருவின் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, என் பையன் திருமூர்த்தி வரானுங்க. மருமகளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கிட்டு.”

“நல்லதுங்கண்ணா.”

“அவங்கம்மா காரியத்துக்கு வந்தவன், அதுக்கப்புறம் இப்பத்தான் வரான். அப்ப நான் பேசின பேச்சு அப்படி. இனி நீ எனக்குப் பிள்ளையே இல்லைன்னுட்டேன்.”

“ம்.”

“இந்தத் தடவையும் வாயை விட்டேன்னா அத்தோட போச்சுங்க. பேரக்குழந்தை முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. இந்தக் கோபத்தை எப்படி அடக்கறதுன்னு சொல்லுங்க.”

குரு விருந்தினர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“விருந்தினர் அறையிலதானே தங்குவாங்க? அங்கே குளிர் தாங்காதே.”

“ஆமாங்க. குழந்தைக்கு வேற இளைப்பு. புகை ஆகவே ஆகாதாம்.”

“அப்ப அந்த அறைக் கணப்பை நீங்களே பாத்துக்குங்க. காலைல பத்த வச்சா சாயங்காலம் வரைக்கும் நிதானமா நிக்கணும். புகை வரக்கூடாது.”

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. நாச்சிமுத்து விறகெடுக்கப் போனார்.

அந்தக் கணப்பு ஓர் இரும்புப் பெட்டி. முன்னால் கதவு, கதவுக்குக் கீழே காற்றுப் போக ஒரு துளை, துளையைத் தள்ளி மூட ஒரு தகடு. மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்குழாய். நெருப்பு மெதுவாக எரிய வேண்டுமானால் காற்றைக் குறைக்க வேண்டும். இது யாருக்கும் தெரிந்ததுதான். குறைப்பதை அரைகுறையாகச் செய்வானேன்? நாச்சிமுத்து போன வாரம் வெட்டிய, ஈரம் காயாத சீகை மரக் கட்டைகளை அடுக்கினார். அடியில் பற்ற வைத்தார். சுடர் தலைகாட்டியதும் தகட்டை இறுக்கித் தள்ளி மூடிவிட்டார். அடங்கு என்று வாய்விட்டே சொன்னார்.

அடங்கியது. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நாச்சிமுத்துவின் கணப்பில் நெருப்பைத் தேட வேண்டியிருந்தது, புகைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. கதவிடுக்கில் கசிந்து அறையெல்லாம் நிறைந்தது. இரும்பு கை வைத்தால் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே குருவிடம் வந்தார்.

“பாழாப்போனது, அடக்கினா புகையுது. விட்டா ஒரு மணி நேரத்துல எரிஞ்சு தீந்துருது.”

“குழாயைக் கழட்டுங்க.”

கழற்றினார். உள்ளே கருப்பட்டிப் பாகு காய்ச்சி ஊற்றியதுபோல் கறுப்பாய்ப் பிசுபிசுவென்று அப்பியிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து சுரண்டினார்கள். நாச்சிமுத்துவின் வேட்டி அன்றைக்கே அடுப்படித் துணியாயிற்று.

“இது எப்படிங்க வந்துச்சு?”

“நீங்க எரிய விடாத புகைதாங்கண்ணா. போக வழியில்லாம இங்க ஒட்டிக்கிச்சு. என்னைக்காவது இது பத்திக்கிட்டா கூரை போயிரும்.”

பிறகு வேலாத்தாள் விறகுக் கொட்டகைக்குப் போனார். போன கோடையில் பிளந்த கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்து கணீரென்று சத்தம் வந்தவற்றை மட்டும் கொண்டுவந்தார். பெரிய கட்டைகளைச் சாம்பல் மேல் நெருக்கி அடுக்கினார். அதன் மேல் சின்னது, அதற்கும் மேல் சுள்ளி. தீயை உச்சியில் வைத்தார். தகட்டை முழுக்கத் திறந்துவிட்டார்.

நெருப்பு குபுகுபுவென்று எழுந்தது. குழாய் சடசடத்தது. நாச்சிமுத்துவின் கை தகட்டுக்குப் போனது.

“அம்மா, மூடிரட்டுங்களா?”

“இருங்க.”

“எல்லாம் எரிஞ்சு போயிருமுங்க!”

“இருங்கண்ணா. அது இன்னும் சூடே ஆகலை.”

பெரிய கட்டைகள் எல்லாப் பக்கமும் பிடித்த பிறகுதான் குரு தகட்டில் கை வைத்தார். கொஞ்சம் தள்ளினார். எழுந்து போய்த் துணி உலர்த்திவிட்டு வந்து இன்னும் கொஞ்சம் தள்ளினார். சுடரின் வேகம் தணிந்தது. கட்டை மேல் தொட்டும் தொடாமலும் சோம்பலாக ஆடியது. கடைசி வரைக்கும் ஒரு விரல் அகலம் திறந்தே இருந்தது.

“வெளியே போய்க் குழாயைப் பாருங்க.”

நாச்சிமுத்து வாசலில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். குழாய்க்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. புகை இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அறைக்குள் போனபோது இரும்பு இதமாகச் சுட்டது. சாம்பலுக்குள் தணல் சிவந்து கிடந்தது.

திருமூர்த்தி வருவதற்குள் அவருக்கு அந்தப் பக்குவம் கைவந்துவிட்டது. கணப்பைத்தான் சொல்கிறேன். மனிதர் பழைய மனிதர்தான்.

மகன் வந்தான். அறை கதகதவென்று இருந்தது. குழந்தை இளைப்பில்லாமல் தூங்கியது. நாச்சிமுத்து எதற்கும் சிரித்தார். “சாப்பிட்டியாப்பா” என்றார். “குளிருதாப்பா” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது, பல் கடித்தபடியே. மகன் அவர் முகத்தைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக இருந்தான். இரண்டாம் நாள் மதியம் பையைக் கட்டத் தொடங்கினான்.

“நாலு நாள்னு சொன்னியேப்பா?” என்றார் நாச்சிமுத்து, சிரித்துக்கொண்டே.

திருமூர்த்தி கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டான்.

“இப்படிச் சிரிக்காதீங்கப்பா! வையறதுன்னா வையுங்க. அம்மாவை வைக்க ஐஸ் பெட்டி இருந்துச்சு. நான் மஸ்கட்ல விமானம் ஏறிட்டேன்னு உங்களுக்குத் தெரியும். அரை நாள். என் அம்மாவுக்கு நான் கொள்ளி வைக்க அரை நாள் காத்திருக்க முடியலையா உங்களால?”

நாச்சிமுத்து சிரிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை. மில்லின் தொண்டை திறந்துகொண்டது.

“முடியலடா! கடைசி வரைக்கும் உன் பேரைச் சொல்லிக்கிட்டே போனாடா அவ. அந்த முகத்தைப் பாத்துக்கிட்டு அரை நாள் நான் எப்படிடா உக்காந்திருப்பேன்? நீ வந்து அழுதா நான் என்னடா ஆவேன்?”

“அதுக்கு? நான் வந்து சாம்பலைத்தானே பாத்தேன்!”

“தப்புடா! தப்புத்தான்டா!”

மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். தோட்டத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்த வேலாத்தாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டார். உள்ளே போகவில்லை. மருமகளையும் போகவிடவில்லை. கத்தல் மலைச்சரிவு வரை கேட்டது. பிறகு ஒருவர் அழுதார், பிறகு இன்னொருவர். பிறகு வெகுநேரம் பேச்சுச் சத்தம், தாழ்ந்த குரலில்.

வெயில் சாய்ந்தபோது நாச்சிமுத்து வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. குருவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“கத்திட்டேனுங்கம்மா. இத்தனை நாள் கட்டிக் காத்ததெல்லாம் போச்சு.”

“தம்பி எங்க?”

“பையைப் பிரிக்கறான். பத்து நாள் இருக்கறானாம். அவங்கம்மா கடைசில என்னென்ன சொன்னாங்கன்னு எல்லாத்தையும் கேக்கணுங்கறான்.”

“நல்லது.”

“அதெல்லாம் சரிங்கம்மா. ஆனா இந்தக் கோபம் என்னை விட்டுப் போகவே போகாதுங்களா?”

வேலாத்தாள் குழந்தையை அவர் மடியில் வைத்தார்.

“அது கோபமாங்கண்ணா?” என்றார்.

நாச்சிமுத்து குழந்தையை அணைத்தபடி கூரைமேல் புகைக்குழாயை அண்ணாந்து பார்த்தார். துளிப் புகை இல்லை.