வேறு வருஷத்து ஜோடி

குன்னூரில் பழைய ராணுவ பூட்ஸ்களுக்கு வயது சொல்பவர் ஹசீனா. சேகரிப்பவர்கள் எங்கெங்கிருந்தோ அனுப்புவார்கள். அவர் பார்த்துச் சொன்ன வருஷத்துக்கு மறுபேச்சு கிடையாது. அவருக்கு வயது நாற்பது. அவருடைய ஒரே சீடர் மெய்யப்பனுக்கு அறுபத்து நாலு. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஆயுள் முழுக்க விடைத்தாள் திருத்தியவர் என்பதால், தப்பைக் கண்டுபிடிப்பதில் ஒரு சின்னக் குஷி உண்டு.

அன்று ஹசீனா மதியச் சாப்பாடு முடிந்து கடைக்குத் திரும்பியபோது அந்தக் குஷி மெய்யப்பன் முகத்தில் இருந்தது.

"லூர்தம்மாள்னு ஒருத்தங்க வந்தாங்கம்மா. அவங்க அப்பா பட்டாளத்துல போட்ட பூட்ஸாம். நெசமான்னு கேட்டாங்க. உள்பக்கம் வருஷ முத்திரையைப் பாத்தேன். இடதுல நாப்பத்திரெண்டு, வலதுல நாப்பத்திநாலு. இது ஜோடியே இல்ல, சந்தையில யாரோ ஒண்ணு சேத்து வித்திருக்கான்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அவங்க?"

"'அப்ப எங்க அண்ணன் சொன்னதுதான் சரி'ன்னாங்க. பூட்ஸை இங்கயே விட்டுட்டு கோத்தகிரி பஸ்ஸுக்குப் போயிட்டாங்க."

"அண்ணன் என்ன சொன்னாராம்?"

மெய்யப்பன் கொஞ்சம் யோசித்தார். "கேக்கலம்மா."

ஹசீனா நாற்காலியில் உட்கார்ந்தார். இடது பூட்ஸுக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வலது பூட்ஸுக்குள்.

"நீங்க விட்டுப் பாருங்க சார்."

மெய்யப்பன் விட்டார். இடது பூட்ஸின் உள்ளங்கால் தோலில் ஐந்து விரல் பதிந்த குழிகள் இருந்தன. வலதில் மூன்றுதான். கட்டைவிரலும் அடுத்த விரலும் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று புதுசாகவே இருந்தது.

அவர் முகம் மாறியது.

ஹசீனா இரண்டையும் கவிழ்த்து, குதிகாலுக்கு முன்னால் இருக்கும் வளைவை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். பல வருஷத்துப் பாலிஷ் கறுப்பாகக் கரைந்து வந்தது. இடதில் 7316. வலதிலும் 7316.

"சிப்பாயோட நம்பர்," என்றார்.

"அப்படின்னா ஒரே ஆளு. ஆனா பட்டாளத்துல ஒத்தை பூட்ஸா குடுப்பாங்க?"

"ரெண்டு தடவையும் ஜோடியாத்தான் குடுத்திருப்பாங்க. அடிபட்ட கால்ல இருந்த பூட்ஸை வெட்டித்தான் கழட்டியிருப்பாங்க. இடது பூட்ஸ் ரெண்டு வருஷம் காலுக்குப் பழகினது. புது ஜோடியோட இடது கடிக்கும். நொண்டி நடக்கிறவர் எதைப் போடுவாரு?"

மெய்யப்பன் பூட்ஸ்களை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அறுபத்து நாலு வயதில் அவர் அப்படி ஓடியதைக் கடைத்தெரு பார்த்ததில்லை. ஹசீனா கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் போனார்.

நல்லவேளை, கோத்தகிரி பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. லூர்தம்மாள் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும்.

மெய்யப்பனுக்கு மூச்சு வாங்கியது. "அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன். இது ஜோடிதான். அடியில நம்பர் இருக்கு. ஏழு மூணு…"

"ஒண்ணு ஆறு," என்றார் லூர்தம்மாள். "எங்க வீட்டுக் குடம், தவலை எல்லாத்துலயும் அப்பா அந்த நம்பரைத்தான் வெட்டி வெச்சிருந்தாரு. எல்லார் வீட்லயும் பேரு வெட்டுவாங்க, இவரு நம்பரை வெட்டுனாரு."

ஹசீனா பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க அண்ணன் என்னம்மா சொல்வாரு?"

"அப்பா பட்டாளத்துல பாதியில ஓடி வந்துட்டாராம். வலது கால்ல ரெண்டு விரல் போனது சண்டையில இல்லையாம், இங்க வந்து குடிச்சிட்டு டீ பாக்டரி மிஷின்ல விட்டதாம். பூட்ஸும் சந்தையில வாங்கினதாம். அம்பது வருஷமா இதையே சொல்றாரு. அப்பா சாகிறப்பகூட அவரு வந்து கிட்ட நிக்கல."

"வலது பூட்ஸ் நாப்பத்திநாலுல தச்சதும்மா," என்றார் ஹசீனா. " பட்டாளம் குடுத்தது, அவரு நம்பர் போட்டது. அதுக்குள்ள அஞ்சு விரல் ஒரு நாளும் போனதில்ல. அவரு ஓடி வரல. ரெண்டு விரல் போனப்புறமும் பட்டாளத்துலதான் இருந்திருக்காரு."

லூர்தம்மாள் பூட்ஸ் இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. மெய்யப்பனுக்கு அப்போதுதான் உயிரே வந்தது. பெஞ்சின் மறுமுனையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

கோத்தகிரி பஸ் வந்து நின்றது. லூர்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு காகிதத்துல எழுதிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார் மெய்யப்பன். "வருஷம், நம்பர் எல்லாம் போட்டு. அண்ணன்கிட்ட காட்டலாம்."

"அவரு காகிதத்தையெல்லாம் நம்ப மாட்டாரு சார்," என்ற லூர்தம்மாள் ஹசீனாவைப் பார்த்தார். "நான் அவருகிட்ட என்னம்மா சொல்லட்டும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா," என்றார் ஹசீனா. "வலது பூட்ஸுக்குள்ள அவரைக் கைய விடச் சொல்லுங்க."