தரையில் படாத தேர்

முன்னொரு காலத்தில், தேர் வாங்குகிறவர்கள் அச்சைத் தட்டிப் பார்க்காமலே வாங்கிவந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். புதுத் தேர் செய்து முடிக்கும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. பக்கத்து நாட்டில் ஓடிய பழைய தேர் ஒன்று விலைக்கு வந்ததும், அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்.

வாங்கிக் கொடுத்தவர் தேர்ப்படை அதிகாரி மழவராயர். "ஓராண்டுக்குள் எது பழுதானாலும் நான் பொறுப்பு, மன்னா" என்று சபையில் உறுதி கொடுத்தார். கொடுக்கும்போதே விகடகவி கூத்தபிரானை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். ராஜா அவனைப் பக்கத்தில் உட்காரவைப்பது அவருக்கு ரொம்ப நாளாக வயிற்றெரிச்சல்.

முதல் நாளே, கோட்டை வாசலைத் தாண்டுவதற்குள் அச்சு மளுக்கென்று முறிந்தது. ராஜா மண்ணில் உருண்டார்.

"உமது உறுதி என்னவாயிற்று?" என்று சபையில் கேட்டார்.

மழவராயர் கொஞ்சமும் கூசவில்லை. "அந்த உறுதி கொட்டகையில் நிற்கும் தேருக்கு, மன்னா. சக்கரம் தரையில் உருண்டதுமே அது முடிந்துவிடும். பிறகு உடைந்தால் ஓட்டியவன் குற்றம். சாரதி சடையனை நாடு கடத்துவதே நியாயம்."

இப்படியும் ஓர் உறுதி உண்டா என்று யாராவது கேட்டிருக்கலாம். சபையோ தலையை ஆட்டியது. சடையன் ஓடிப்போய்க் கூத்தபிரானின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"சாமி, வீட்டுல நெறமாசக்காரி இருக்கா. அவளக் கூட்டிக்கிட்டு எந்த ஊருக்குப் போவேன்? நான் பதமாத்தான் ஓட்டுனேன்."

கூத்தபிரான் எழுந்து, நாளைவரை அவகாசம் கேட்டான். முழங்கால் வலியில் இருந்த ராஜா உறுமினார். "தருகிறேன். நாளை இதே தேரில் நான் உலா போக வேண்டும். மழவராயர் தந்த உறுதியும் கெடக் கூடாது. முடியாவிட்டால் சடையனோடு நீயும் எல்லையைத் தாண்டு."

மறுநாள் பார்த்தால், முறிந்த அச்சோடு நின்ற தேருக்கு அடியில் நீளமான கொம்புகள் கட்டியிருந்தன. பல்லக்குத் தூக்கிகள் வரிசையாக நின்றார்கள். முன்கொம்பில் ஓர் இடம் மட்டும் காலி.

"சக்கரம் தரையில் உருளாதவரை உறுதி உண்டாம், மன்னா. ஆகவே தேர் தோளில் வரும். உறுதி கொடுத்தவர் முன்னால் நின்று சுமப்பதுதானே முறை?" என்றான் கூத்தபிரான்.

ராஜா ஏறி உட்கார்ந்துகொண்டார். கடைத்தெரு முனை வருவதற்குள் மழவராயரின் தலைப்பாகை கண்ணை மறைத்தது, தோள் கன்றிவிட்டது. கொஞ்சம் இறக்கி வைக்கலாமே என்று முனகினார்.

"இறக்கினால் சக்கரம் உருண்டுவிடும், ஐயா" என்றான் கூத்தபிரான். "ஓராண்டுதானே, பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்."

மழவராயர் நடுத்தெருவில் அழுதேவிட்டார். "மன்னா, அச்சு முன்பே விரிசல் விட்டிருந்தது. விற்றவர்கள் அரக்குப் பூசி மறைத்திருந்தார்கள். அதைப் பார்த்தும் தரகுக்கு ஆசைப்பட்டுப் பேசாமல் இருந்தேன். சாரதிமேல் குற்றமில்லை."

கூட்டத்தில் நின்ற சடையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "போன உசுரு வந்துச்சு சாமி" என்றான். கூத்தபிரானும் அப்போதுதான் மூச்சு விட்டான். அவனுக்கும் பயம் இருக்கத்தானே செய்யும்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மழவராயர் தம் செலவில் புது அச்சுப் போட வேண்டும் என்றும், இனி உறுதி என்றால் ஓடும் தேருக்கே உறுதி என்றும் கட்டளையிட்டார். தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானிடம் நீட்டினார்.

அவன் அதை வாங்கி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான்.

"என்ன பார்க்கிறாய்?"

"நீங்கள் போட்டுக் கழற்றிய மாலை அல்லவா, மன்னா. பெட்டியில் வைத்தால் மட்டும் உறுதியா, கழுத்தில் போட்டாலும் உண்டா?"