நகம் பிடுங்கச் சொன்ன ஜமீன்தார்

மலையடிவாரத்து ஜமீன்தார் ரத்னவேலு ஒரு சிறுத்தையைக் கூண்டில் அடைத்து வைத்து, "இது என் மூத்த பிள்ளை" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். சங்கிலி அறுத்து அதன் கழுத்தில் உண்டான புண்ணுக்குக் கம்பி வழியாக மருந்து தடவுகிறவள், கூண்டு கழுவும் மாசாணி.

ஒரு நாள் விருந்தாளிகள் முன்னால் அவர் அதட்டினார். "ஏய் மாசாணி! பிள்ளை இனிமே என் சோபாவுலதான் உக்காருவான். இப்பவே அவன் நகத்தையெல்லாம் பிடுங்கு. முடியாதுன்னா ஊரைவிட்டு ஓடு!"

மாசாணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு கூண்டின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"பிடுங்கறேனுங்க எசமான். வலிக்கிறப்போ பிள்ளையை மடியில பிடிச்சுக்கறது அப்பன்தானுங்களே? உள்ள வந்து உக்காருங்க."

"ஆமாம், போங்க!" என்று விருந்தாளிகள் கைதட்டினார்கள். சிறுத்தை உறுமியது. ஜமீன்தார் நாற்காலிக்குப் பின்னால் பாய்ந்தார்.

"ஐயோ, குதறிடும்!"

"ரெண்டு வருசமா அது கழுத்து அழுகுது. ஒரு தடவை தொட்டுப் பாத்தீங்களா? இது பிள்ளையில்லீங்க, கைதி!"

விருந்தாளிகள் சிரித்த சிரிப்பில் ஜமீன்தார் முகம் கறுத்தது. "இந்தச் சனியனைக் காட்டுலயே கொண்டுபோய் விடு!" என்று கத்தினார்.

அவர் மனசு மாறுவதற்குள் மாசாணி கூண்டை வண்டியில் ஏற்றிவிட்டாள். காட்டோரத்தில் கதவு திறந்ததும் சிறுத்தை பாய்ந்து மறைந்தது. அவளைக்கூட அது திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.