இரண்டு கையிலும் டீ

"டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திருவோம்."

உள்ளே வந்த தில்ஷாத் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ராயப்பன் ஆரம்பித்துவிட்டார்.

அவளுக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் அந்தக் கரையோர வானொலி நிலையத்தில் லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். கடலை விட்டுவிட்டு வந்து மைக் பிடித்த ராயப்பன் அவளுடைய ஒரே மாணவர்.

"அழிச்சா நாம பதிஞ்சு வச்ச பாட்டு, பேச்சு எல்லாம் போயிருமே அண்ணாச்சி?"

"போகும்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காத்துச் செய்தி போகலைன்னா, படகு இறக்குறவன் எதை நம்பி இறக்குவான்?"

"காலைல என்ன செஞ்சீங்க?"

"அப்டேட் போட்டேன். பாதியில மரம் மாதிரி நின்னுச்சு. வயரைப் புடுங்கி மாட்டினேன். அப்புறம் எதை ஏத்தப் போனாலும் மறிச்சுது. மறிக்கிறதுக்குன்னு அது போட்டு வச்ச பூட்டு ஃபைலை அழிச்சேன். வம்பா ஏத்திப் பாத்தேன். இப்ப அது இல்லைங்குது, இது இல்லைங்குது."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மனுஷன் தங்கம். கைதான் ஓரிடத்தில் நிற்காது.

"வீட்டுலயும் இதே பாடுதான் டீச்சர். என் பொண்டாட்டி சலேத்து காலைலருந்து பேச மாட்டேங்கா. அவளும் உறைஞ்சு போயி உக்காந்திருக்கா."

சொல்லிக்கொண்டே கீபோர்டைத் தட்டப் போனார்.

மேசையில் அப்போதுதான் டீ வந்திருந்தது. தில்ஷாத் ஒரு டம்ளரை அவருடைய வலது கையில் கொடுத்தாள். இன்னொன்றை இடது கையில் கொடுத்தாள்.

"ரெண்டுமா எனக்கு?"

"புடிங்க. கீழ வைக்கக் கூடாது."

பிறகு அவள் ஒரே ஒரு வரி அடித்தாள். விட்ட வேலையை விட்ட இடத்திலிருந்து முடி என்று அதற்கு அர்த்தம்.

"இதை அடிக்கச் சொல்லி அதுவே ஸ்கிரீன்ல எழுதிக்கிட்டுதான் இருக்கு அண்ணாச்சி."

வரிகள் மளமளவென்று ஓடின. திடீரென்று நின்றன.

"பாத்தீங்களா! நின்னுபோச்சு! வயரை..." கை தன்னால் எழும்ப, டீ சட்டையில் கொட்டியது. "ஆத்தாடி, சுடுது!"

"வாசிங்க."

வேறு வழி? எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஒலி அளவை நீங்க மாத்தி வச்சிருக்கீங்க. அதையே வச்சுக்கிடவா, புதுசைப் போடவான்னு... கேக்குது."

"யார்ட்ட?"

"என்கிட்டதான்."

ராயப்பன் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார்.

"காலைலயும் இதைத்தான் கேட்டுச்சா?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் வயரைப் புடுங்கிட்டேன்."

தில்ஷாத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவளுக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

"பழசையே வச்சுக்கிடச் சொல்லுங்க டீச்சர்."

அவள் ஒரு எழுத்தைத் தட்டினாள். வரிகள் மறுபடி ஓடின. அவர் வம்பாக ஏற்றியதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். பாட்டும் பேச்சும் அப்படியே இருந்தன.

அஞ்சு மணிக்கு ராயப்பனின் குரல் கரையெல்லாம் கேட்டது. காற்று பலம், இன்று யாரும் படகு இறக்க வேண்டாம்.

வாசித்து முடித்ததும் வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"சலேத்து, காலைல நீ என்னமோ கேட்டே. நான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

ராயப்பன் போனை வைக்கவில்லை.

வெகுநேரம் கழித்துச் சலேத்து கேட்டாள். "டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன். நீ காலைல கேட்டதைக் கேளு."